அமிர்தசரஸ் பொற்கோயில்: பங்கு வேறு, உரிமை வேறு

ஏக இறைவனின் திருப்பெயரால்...



கொல்லிமலையின் அரியூர் நாடு போன்ற மலைச் சிற்றூர்களில் ஒரு சீக்கியரை நேரில் காண்பது அரிது. ஆயினும் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழே இறங்கினால், லாரித் தொழிலால் நாடறிந்த நாமக்கல் மாவட்டத்தின் சமவெளி விரிகிறது. அங்கிருந்து வடமாநிலங்களுக்குச் சரக்கேற்றிச் செல்லும் ஓட்டுநர்கள், நெடுஞ்சாலையோரத்துக் குருத்வாராக்களில் பெயரும் ஊரும் கேளாமல், காசும் வாங்காமல் தமக்குச் சோறிட்டதைச் சொல்வதுண்டு. அதைக் கேட்டு வளரும் பிள்ளைகள் மதரஸாவில் வினவுகிறார்கள்: “ஹஜ்ரத், சீக்கியர்கள் யாரை வணங்குகிறார்கள்? அவர்களுடைய பெரிய கோயிலுக்கு ஒரு முஸ்லிம்தான் அடிக்கல் நாட்டினாராமே, மெய்யா? முஸ்லிம் அரசர்கள் அவர்களுடைய குருமார்களைக் கொன்றார்கள் என்று பாடநூலில் இருக்கிறதே, அதுவும் மெய்யா?”

இவ்வினாக்களில் இரண்டாவதற்கு மட்டும் மகிழ்ச்சியோடு விடை கூறிவிட்டு மூன்றாவதைக் கடந்துசெல்வது எளிது. நம் மேடைகளில் பெரும்பாலும் அவ்வாறே நிகழ்கிறது. ஆனால் நீதியை நிலைநிறுத்துவோராக இருக்க வேண்டும், அது நமக்கும் நம் பெற்றோர்க்கும் உற்றார்க்கும் எதிராக அமைந்தாலும் சரியே என்று அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. சாட்சியத்திற்குரிய இவ்விதி வரலாற்றுக்கும் பொருந்தும். வரலாறும் ஒரு சாட்சியமே. அமிர்தசரஸ் பொற்கோயிலின் வரலாற்றை அந்த விதிக்கு உட்பட்டு இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

குளத்தைச் சுற்றி எழுந்த ஊர்

சீக்கிய சமயத்தின் முதல் குருவாகிய குரு நானக் 1469ஆம் ஆண்டு, இன்று பாகிஸ்தானில் நன்கானா சாஹிப் என அழைக்கப்படும் தல்வண்டி என்னும் ஊரில் பிறந்தார். 1539ஆம் ஆண்டு கர்தார்பூரில் மறைந்தார். உருவமற்ற ஓர் இறைவனை நினைவுகூர்தல், உழைத்து உண்ணுதல், உண்பதைப் பகிர்தல் ஆகியவை அவருடைய போதனையின் அடிப்படைகள். அவர் நெடும்பயணங்கள் மேற்கொண்டவர் என்பது சீக்கியரின் மரபு. அப்பயணங்களில் மக்காவும் பக்தாதும் இடம்பெறுகின்றன. நம் இராமேசுவரமும் இடம்பெறுகிறது. அவர் வருகையின் நினைவாக இன்றும் இராமேசுவரத்தில் ஒரு குருத்வாரா உண்டு. அவருடைய பயணங்களில் இணைபிரியாத் தோழராக இருந்தவர் மர்தானா என்னும் முஸ்லிம். நானக் பாட, மர்தானா ரபாப் என்னும் நரம்புக் கருவியை மீட்டுவார்.

நான்காம் குருவாகிய குரு ராம்தாஸ் 1577ஆம் ஆண்டளவில் ஒரு குளத்தை வெட்டுவித்தார். அதைச் சுற்றி எழுந்த குடியிருப்பு முதலில் ராம்தாஸ்பூர் எனப்பட்டது. பின்னர் அமிர்தப் பொய்கை எனப் பொருள்படும் குளத்தின் பெயரே ஊருக்கும் நிலைத்து, அமிர்தசரஸ் ஆயிற்று. ஐந்தாம் குருவாகிய குரு அர்ஜன் அக்குளத்தின் நடுவே வழிபாட்டுத் தலத்தை எழுப்பினார். 1588-89இல் தொடங்கிய அப்பணி நிறைவுற்று, 1604ஆம் ஆண்டு ஆதி கிரந்தம் என்னும் அவர்களுடைய வேதநூல் அங்கே வைக்கப்பட்டது. ஹர்மந்திர் சாஹிப் என்பதே அத்தலத்தின் முறையான பெயர். தர்பார் சாஹிப் என்றும் அழைப்பர். பொற்கோயில் என்பது பின்னாளில் வந்த வழக்கு.

அதன் அமைப்பில் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, அக்கட்டடம் உயர்ந்த மேடைமீது நிற்கவில்லை. வருவோர் படிகளில் கீழிறங்கியே குளக்கரையை அடைய வேண்டும். பணிவோடு வர வேண்டும் என்பதே அதன் பொருள் என்று சீக்கியர்கள் விளக்குவர். இரண்டாவது, நாற்புறமும் வாயில்கள் உண்டு. எத்திசையினரும் எக்குலத்தினரும் வரலாம் என்பதன் அடையாளமாக அவை கொள்ளப்படுகின்றன. ஏறத்தாழ 60 மீட்டர் நீளமுள்ள ஒரு நடைபாலம் கரையையும் கோயிலையும் இணைக்கிறது. உள்ளே சிலை எதுவும் இல்லை. நடுவில் வேதநூல் வைக்கப்பட்டு, அதன் பாடல்கள் ஓதி இசைக்கப்படுகின்றன.

அடிக்கல் பற்றிய செய்தி

இக்கோயிலுக்கு அடிக்கல் நாட்டியவர் லாகூரின் மியான் மீர் (ரஹ்) அவர்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. காதிரிய்யா தரீக்காவைச் சேர்ந்த பெரியவர் அவர். சிந்து நாட்டில் பிறந்து, லாகூரில் வாழ்ந்து, 1635இல் மறைந்தார். முகலாய இளவரசர் தாரா ஷிகோ அவருடைய வரலாற்றை எழுதியுள்ளார். அவருடைய அடக்கத்தலத்திற்குச் சீக்கியர்கள் இன்றும் மரியாதையுடன் வருகை தருகின்றனர்.

எனினும் அடிக்கல் பற்றிய இச்செய்தியை ஆய்வாளர்கள் அப்படியே ஏற்பதில்லை. முற்காலச் சீக்கிய நூல்கள் குரு அர்ஜனே அடிக்கல் நாட்டியதாகக் கொள்கின்றன. மியான் மீரின் பெயர் பிற்கால எழுத்துகளில்தான் இடம்பெறுகிறது. ஹதீஸ் கலையைப் பயின்ற நமக்கு இது புதிய அளவுகோல் அன்று. ஒரு செய்தி எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அதன் அறிவிப்பாளர் தொடரைப் பார்த்த பின்னரே அதை உறுதியாகக் கூறுவது நம் இமாம்களின் நெறி. எனவே, அவ்விருவரிடையே நட்பு இருந்ததைச் சீக்கியர்களே போற்றிப் பேசுகின்றனர் என்று கூறுவோம். அடிக்கல் செய்தி மரபுவழிச் செய்தி என்று கூறுவோம். அதைவிட அழுத்தமாகக் கூற நமக்கு ஆதாரம் இல்லை.

அச்செய்தியை இவ்வாறு ஒதுக்கி வைப்பதால் நமக்கு இழப்பொன்றும் இல்லை. எழுத்திலும் சொல்லிலும் ஐயத்திற்கு இடமின்றிப் பதிந்திருக்கும் தொடர்புகள் வேறு பல உள்ளன.

வேதநூலில் முஸ்லிம் குரல்கள்

சீக்கியர்கள் குருவாகவே போற்றும் குரு கிரந்த் சாஹிப் இன்று 1,430 பக்கங்களாக அச்சிடப்படுகிறது. அதில் குருமார்களின் பாடல்களோடு, அவர்கள் சமயத்தைச் சாராத அடியார்கள் பலரின் பாடல்களும் உள்ளன. அவர்களுள் முதன்மையானவர் பாபா ஃபரீத் (ரஹ்) அவர்கள். 13ஆம் நூற்றாண்டில் பாக்பத்தனில் வாழ்ந்த சிஷ்திய்யாப் பெரியவர். டில்லி நிஜாமுத்தீன் அவ்லியா (ரஹ்) அவர்களின் ஆசான். அவர் பெயரிலமைந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஈரடிப் பாடல்கள் அந்நூலில் உள்ளன. மரணத்தின் நிச்சயம், இளமையில் செய்ய வேண்டிய வணக்கம், பிறர் குறை பேசாமை, பொறுமை ஆகியவையே அவற்றின் பொருள். பஞ்சாபி மொழியின் மிகப் பழைய கவிதைகளாக மதிக்கப்படும் அவை, ஒரு சீக்கிய வேதநூலின் பக்கங்களில் இத்தனை நூற்றாண்டுகள் பேணப்பட்டன என்பதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

நெசவாளர் முஸ்லிம் குடும்பத்தில் வளர்ந்த கபீரின் பாடல்களும் அந்நூலில் உள்ளன. குருமார்களின் அவையில் பாடிய சத்தா, பல்வண்ட் என்னும் முஸ்லிம் பாணர்களின் பாடலும் உள்ளது. மர்தானாவின் வழியில் வந்த ரபாபிகள் என்னும் முஸ்லிம் இசைவாணர்கள், 1947 வரை பொற்கோயிலின் உள்ளேயே வேதப்பாடல்களை இசைத்து வந்தனர். நாடு பிரிந்தபோது அவர்கள் எல்லை கடந்து சென்றனர். நூற்றாண்டுகளாக வந்த அம்முறை அத்துடன் நின்றது.

சொற்களும் சாட்சி கூறுகின்றன. அரபியும் பார்சியும் கற்ற மதரஸா மாணவர் ஒருவர் சீக்கிய சமயச் சொற்களைக் கேட்டால் வியப்படைவார். ‘சாஹிப்’ அரபுச் சொல். அவர்கள் முகமன் கூறுகையில் வரும் ‘ஃபதே’ என்பது வெற்றியைக் குறிக்கும் நம் ‘ஃபத்ஹ்’. நாள்தோறும் வேதநூலைத் திறந்து எடுக்கப்படும் கட்டளைக்கு ‘ஹுகம்’ என்று பெயர். அது நம் ‘ஹுக்ம்’. 1699இல் குரு கோபிந்த் சிங் நிறுவிய ‘கால்ஸா’, தூய்மையைக் குறிக்கும் ‘காலிஸ்’ என்ற அரபு மூலத்திலிருந்து வந்தது. ‘தர்பார்’, ‘தக்த்’ ஆகியவை பார்சிச் சொற்கள். ‘லங்கர்’ என்ற சொல்லோ, சூஃபிப் பெரியவர்களின் கான்காக்களில் ஏழைகளுக்கு உணவளித்த பொது அடுக்களைக்கு வழங்கிய பெயர்.

இத்தொடர்புகளைக் கண்டு, சீக்கிய சமயம் இஸ்லாத்தின் கிளை என்று சிலர் பேசுவதுண்டு. அது பிழை. குரு நானக்கின் வழி தனக்கென வேதமும் வணக்கமுறையும் நம்பிக்கையும் கொண்ட தனிச் சமயம். சீக்கியர் தம்மை முஸ்லிம் என்றோ இந்து என்றோ பிறர் அழைப்பதை ஏற்பதில்லை. ஒருவரை அவர் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும் விதத்தில் அறிவதே மரியாதை. நம் நம்பிக்கையில் நாம் உறுதியாக நிற்பதற்குப் பிறர் நம்பிக்கையை நம் பெயரில் எழுதிக்கொள்ளும் தேவை இல்லை.

கண்ணீரின் பக்கங்கள்

இனி மூன்றாவது வினாவுக்கு வருவோம். ஆம், அது மெய்யே.

1598இல் பேரரசர் அக்பர் கோயிந்தவால் என்னும் ஊரில் குரு அர்ஜனைச் சந்தித்ததை அபுல் ஃபஸ்லின் அக்பர்நாமா பதிவு செய்கிறது. அந்நல்லுறவு அவருடைய மகனின் காலத்தில் முறிந்தது. 1606இல் இளவரசர் குஸ்ரூ கிளர்ச்சி செய்தபோது அவருக்கு ஆசி வழங்கினார் என்ற குற்றச்சாட்டின்பேரில் குரு அர்ஜன் லாகூரில் வதைக்கப்பட்டு உயிர் நீத்தார். ஜஹாங்கீர் தம் நினைவுக்குறிப்பில் இதைத் தாமே எழுதியுள்ளார். குருவிடம் மக்கள் திரள்வதைத் தடுக்கவோ, அவரை இஸ்லாத்திற்குள் கொண்டுவரவோ வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்ததாகவும் அதில் குறிப்பிடுகிறார். மார்க்கத்தில் நிர்ப்பந்தம் கூடாது என்பது அல்பகரா அத்தியாயம் நமக்குக் கற்பிக்கும் அடிப்படை. ஒரு பேரரசர் அதை மீற எண்ணினார் என்றால், பிழை அவருடையது. அதை மார்க்கத்தின் பெயரால் நாம் நியாயப்படுத்தலாகாது.

தந்தையின் மறைவுக்குப் பின் பொறுப்பேற்ற குரு ஹர்கோபிந்த், ஆன்மிகத்தையும் உலகியல் அதிகாரத்தையும் குறிக்கும் இரு வாள்களைத் தரித்தார். கோயிலுக்கு எதிரே அகால் தக்த் என்னும் பீடத்தை நிறுவினார். 1675இல் ஒன்பதாம் குரு தேக் பகதூர், ஔரங்கசீப்பின் ஆட்சியில் டில்லியில் தலை துண்டிக்கப்பட்டார். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரு கோபிந்த் சிங்கின் இளம்பிள்ளைகள் இருவரைச் சிர்ஹிந்தின் ஆளுநர் வஸீர் கான் கொல்வித்தார்.

கோயிலும் தப்பவில்லை. ஆப்கானியப் படையெடுப்பாளர் அஹ்மத் ஷா அப்தாலி 1757இல் அதைச் சிதைத்தார். 1762இல் சீக்கியர் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்ட பெரும்படுகொலைக்குப் பின், வெடிமருந்து வைத்து அதைத் தகர்த்தார். புனிதக் குளம் இடிபாடுகளாலும் விலங்குகளின் உடல்களாலும் தூர்க்கப்பட்டது. 1764இன் இறுதியில் அவர் மீண்டும் வந்தபோது கோயிலைக் காத்து நின்றவர்கள் முப்பது பேர் மட்டுமே. அவர்கள் அனைவரும் போரிட்டு மடிந்தனர். இச்செய்தியை எழுதி வைத்தவர் அப்தாலியின் படையுடன் வந்த காஜி நூர் முஹம்மத் என்பவர். தம் நூலில் சீக்கியரைக் கடுமையாக ஏசும் அவர், ஓர் உண்மையை மட்டும் மறைக்கவில்லை. புறங்காட்டி ஓடுபவரை அவர்கள் கொல்வதில்லை, பெண்களின் அணிகலன்களைப் பறிப்பதில்லை என்று எழுதிவிட்டார். பகைவரைப் பற்றியும் உண்மையையே எழுத வேண்டும் என்ற கடமை அந்த ஓரிடத்திலேனும் அவருடைய வெறுப்பை வென்றது.

இதே காலத்தில் அறத்தின் பக்கம் நின்ற முஸ்லிம்களும் உண்டு. 1688இல் பங்கானிப் போரில் சதௌராவின் பீர் புத்து ஷா தம் மைந்தர்களுடனும் சீடர்களுடனும் குரு கோபிந்த் சிங்கின் பக்கம் நின்று, பிள்ளைகளைப் பறிகொடுத்தார். சிர்ஹிந்தில் அந்தச் சிறுவர்களைக் கொல்லத் தீர்ப்பிட்டபோது, மலேர்கோட்லாவின் நவாப் ஷேர் முஹம்மத் கான் அது இஸ்லாத்திற்கு முரணானது என்று எதிர்ப்புத் தெரிவித்தார். அவருடைய குரல் அன்று பயனளிக்கவில்லை, பிள்ளைகள் கொல்லப்பட்டனர். ஆனால் சீக்கியர்கள் அக்குரலை மறக்கவில்லை. 1947இல் கிழக்குப் பஞ்சாப் முழுவதும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டும் விரட்டப்பட்டும் வந்த நாள்களில், மலேர்கோட்லா மட்டும் அமைதியாக இருந்தது. சுற்றுவட்டாரத்து முஸ்லிம்கள் அங்கே அடைக்கலம் புகுந்தனர். தோற்றுப்போன ஒரு நியாயக் குரலுக்கு 240 ஆண்டுகள் கழித்து அல்லாஹ் அளித்த விளைச்சலாகவே அதை நாம் காண்கிறோம்.

பொன்னும் சோறும்

தகர்க்கப்பட்ட ஒவ்வொரு முறையும் சீக்கியர்கள் குளத்தைத் தூர்வாரிக் கோயிலை மீண்டும் எழுப்பினர். இன்று நாம் காணும் கட்டடம் 1764க்குப் பின் எழுந்தது. மகாராஜா ரஞ்சித் சிங் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்குச் சலவைக்கல்லும் பொற்றகடும் வேய்ந்தார். அப்பொன்வேலையின் தொழில்வல்லுநராக யார் முஹம்மத் கான் என்னும் முஸ்லிமின் பெயர் குறிக்கப்படுகிறது. ரஞ்சித் சிங்கின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர் ஃபகீர் அஜீஸுத்தீன். அதே அரசரின் ஆட்சியில் லாகூரின் பாதுஷாஹி பள்ளிவாசல் படைவீரர்களும் குதிரைகளும் தங்கும் இடமாகப் பயன்பட்டது என்பதும் வரலாறே. அதிகாரம் கையில் இருக்கும்போது பிறர் வணக்கத்தலத்தின் கண்ணியத்தைப் பேணுவது எல்லாச் சமூகங்களுக்கும் வைக்கப்பட்ட சோதனை. எந்தச் சமூகமும் அதில் முழுமையாகத் தேறியதில்லை.

பொன்னைவிடப் பெருமைக்குரியது அங்குள்ள லங்கர். நாள்தோறும் 50,000 பேர் முதல் ஒரு இலட்சம் பேர் வரை அங்கே உண்பதாகப் பொதுவாகக் கணக்கிடுவர். சப்பாத்தி, பருப்பு, சோறு, பாயசம் என எளிய சைவ உணவு. அரசு அதிகாரியும் கூலித் தொழிலாளியும் தரையில் ஒரே வரிசையில் அமர்ந்தே உண்ண வேண்டும். சமைப்பவரும் பாத்திரம் கழுவுபவரும் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்கள். நம் தொழுகை வரிசையில் நாம் காணும் சமத்துவத்தை அவர்கள் உணவுப் பந்தியில் நிலைநாட்டியுள்ளனர். நம் கான்காக்களில் பிறந்த சொல் அங்கே அணையாத அடுப்பாக எரிகிறது; நம்மிடையே அச்சொல்லை அறிந்தவர்கள்கூடக் குறைந்துவிட்டனர்.

அண்மைக் காயங்கள்

பொற்கோயிலிலிருந்து சில நிமிட நடைத்தொலைவில் ஜாலியன்வாலா பாக் திடல் உள்ளது. 1919 ஏப்ரல் 13 அன்று ஆங்கிலேயப் படை சுட்டதில் 379 பேர் இறந்ததாக அரசுக் கணக்கே ஒப்புக்கொண்டது. உண்மை எண்ணிக்கை அதனினும் மிகுதி என்பர். டாக்டர் சைஃபுத்தீன் கிச்லு, டாக்டர் சத்யபால் ஆகியோரின் கைதைக் கண்டித்துக் கூடிய மக்கள் அவர்கள். சீக்கியர், இந்து, முஸ்லிம் என்னும் மூவரின் குருதியும் அம்மண்ணில் ஒன்றாய்க் கலந்தது. அடுத்த 28 ஆண்டுகளில் அதே பஞ்சாப் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளும் களமாயிற்று. 1947இல் சீக்கியர் கையால் முஸ்லிம்களும், முஸ்லிம்கள் கையால் சீக்கியரும் இந்துக்களும் மாண்டனர். எவர் கை தூயது என்று வாதிடுவோர், இறந்தவர்களை இரண்டாம் முறை அவமதிக்கின்றனர்.

1984 ஜூன் மாதம் இந்திய இராணுவம் பொற்கோயில் வளாகத்துக்குள் நுழைந்தது. அங்கே ஆயுதம் தாங்கியிருந்தோரை அகற்றுவதே நோக்கம் என அரசு கூறியது. அகால் தக்த் பெரும் சேதமடைந்தது. அரிய சுவடிகளைக் கொண்டிருந்த நூலகம் அழிந்தது. வழிபட வந்தவர்களும் இறந்தனர். அவ்வாண்டு அக்டோபர் 31இல் பிரதமர் இந்திரா காந்தி அவருடைய சீக்கியக் காவலர்களால் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, டில்லியில் மட்டும் 2,700க்கும் மேற்பட்ட சீக்கியர்கள் கொல்லப்பட்டதாக அரசுக் கணக்கே கூறுகிறது. சிலர் செய்த குற்றத்திற்கு ஒரு சமூகமே தண்டனை பெறுவது எத்தகையது என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வணக்கத்தலம் நொறுங்கும் ஓசை எப்படியிருக்கும் என்பதையும் 1992 டிசம்பர் 6க்குப் பின் நாம் அறிவோம். அவ்வலியை அறிந்த சமூகம் பிறருடைய அதே வலிக்குச் செவிடாக இருத்தல் தகுமா?

நாம் எவ்வாறு நிற்பது

உமர் (ரலி) அவர்கள் பைத்துல் முகத்தஸ் நகருக்குள் நுழைந்த நிகழ்ச்சியை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தொழுகை நேரம் வந்தபோது கிறிஸ்தவத் தலைமைக் குருவானவர் தம் தேவாலயத்திலேயே தொழுமாறு அழைத்தார். உமர் (ரலி) மறுத்து வெளியே தொழுதார்கள். தாம் அங்கே தொழுதால் பின்னர் வரும் முஸ்லிம்கள் அதைக் காரணம் காட்டித் தேவாலயத்தைத் தமதெனக் கோரக்கூடும் என்பதே அவர்கள் சொன்ன காரணம். வெற்றி பெற்ற ஆட்சியாளர், தம் மக்களின் நாளைய பேராசையை இன்றே அடைத்து வைத்தார்.

பொற்கோயிலைப் பொறுத்தவரை நமக்குரிய நெறியும் இதுவே. அதன் வேதநூலில், இசையில், பொன்வேலையில், சொற்களில் முஸ்லிம்களின் பங்கு உண்டு. அந்தப் பங்கு உரிமை ஆகாது. பெருமையடிப்பதற்கான சான்றிதழும் ஆகாது. நம் நாகூரில் விண்ணுயர நிற்கும் 131 அடி மினாராவைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். அதனால் அந்த மினாரா எவருக்குச் சொந்தம் என்ற வினா எழுந்ததில்லை. அண்டை வீட்டாரின் அன்பளிப்பாக அது நிற்கிறது. பஞ்சாபில் ஹர்கோபிந்த்பூர் என்னும் ஊரில் முஸ்லிம்களுக்காகக் குரு ஹர்கோபிந்த் கட்டிக் கொடுத்ததாகச் சீக்கியர்கள் போற்றும் ‘குருவின் மஸ்ஜித்’ உள்ளது. 1947க்குப் பின் தொழுவோர் இன்றிப் போன அப்பள்ளியை, நிஹாங் சீக்கியர்களே பல்லாண்டுகள் காத்து வந்தனர். தமதாக்கிக்கொள்ளாமல் காத்துக்கொடுப்பதே அமானிதம். அதன் பொருளை அவர்கள் செயலில் காட்டினர்.

மடங்களும் தேவாலயங்களும் யூத ஆலயங்களும் பள்ளிவாசல்களும் இடிக்கப்படாமல் இறைவன் மனிதரைக் கொண்டே மனிதரைத் தடுக்கிறான் என்ற பொருளை அல்ஹஜ் அத்தியாயத்தின் 40ஆம் வசனம் தருகிறது. அவ்வரிசையில் பள்ளிவாசல் கடைசியாகவே குறிக்கப்படுவதை விரிவுரையாளர்கள் சுட்டிக்காட்டுவர். அப்தாலி இதற்கு மாறாக நடந்தார் என்றால், அவருடைய பெயர் முஸ்லிம் பெயர் என்பதற்காக நாம் அவர் பக்கம் நிற்க இயலாது. சிர்ஹிந்தில் குரல் கொடுத்த நவாபின் பக்கமே நாம் நிற்க வேண்டும். அவரும் முஸ்லிமே, அதுமட்டுமின்றி, மார்க்கம் சொன்னபடி நடந்த முஸ்லிம்.

எனவே பிள்ளைகள் கேட்டால், இரண்டையும் சொல்வோம். பாபா ஃபரீதைச் சொல்லும் நாவே அப்தாலியையும் சொல்லட்டும். நற்செய்தியை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, கல்லூரியிலோ வேலைத்தலத்திலோ ஒரு சீக்கியத் தோழர் தம் குருமார்களின் தியாகத்தைச் சொல்லும்போது திகைத்துப்போவான். வீட்டார் தன்னிடம் மறைத்துவிட்டனர் என்றும் எண்ணுவான். இரண்டையும் அறிந்த பிள்ளையோ, அந்தத் தோழரிடம் வருத்தத்தையும் நேர்மையாகச் சொல்வான், நட்பையும் நேர்மையாகக் கொள்வான்.

வீட்டிலும் ஊரிலும் இதற்குப் பயிற்சிக்களங்கள் உண்டு. கொல்லிமலையில் அறப்பளீசுவரர் கோயில் நம் அண்டை வீட்டாருக்குப் புனிதமானது. அவர்களுடைய திருவிழா நாளில் வழிவிடுவதும், அவர்களுடைய தெய்வங்களைப் பழித்துப் பேசாதிருப்பதும் அல்அன்ஆம் அத்தியாயம் நமக்குக் கற்பித்த ஒழுக்கம். ரமளானில் நம் பள்ளிவாசல்களில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியைச் சமயம் பாராமல் தூக்குவாளியில் வாங்கிச் செல்லும் வழக்கம் தமிழகமெங்கும் உள்ளது. அதுவே நம்முடைய லங்கர். முப்பது நாளோடு அந்த அடுப்பு அணைந்துவிட வேண்டும் என்று எந்த ஹதீஸும் சொல்லவில்லை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போது பள்ளிவாசல்கள் எல்லாருக்கும் கதவு திறந்தன. அத்தகைய கதவுகள் வெள்ளம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

நமக்கே எதிராயினும் உண்மையைச் சொல்லும் துணிவையும், பிறருடைய வணக்கத்தலத்தின் கண்ணியத்தைப் பேணும் பண்பையும், பசித்தவருக்குப் பெயர் கேளாமல் சோறிடும் மனத்தையும் நமக்கும் நம் சந்ததியினருக்கும் வல்ல ரஹ்மான் வழங்குவானாக! ஆமீன்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.